அண்ணன் கடித்த ரொட்டி

சர்வினோஸின் குவிமாடத்தின் மேல் அவளுடைய அப்பா உட்கார்ந்துவிட்டார்.

வேண்டுமென்று உட்காரவில்லை. புகாராவில் ஒரு கல்யாணம் என்று முந்தின நாள் மாலை கிளம்பிய ஹம்ரோகுல் வாத்தியார், கத்தகுர்கானில் ரயில் எஞ்சின் படுத்துவிட்டதால், விடிந்ததும் விடியாததுமாகச் சமர்கந்துக்கே திரும்பி வந்து, அசதியில் கண் தெரியாமல் முக்காலியில் தொப்பென்று விழுந்தார். நீலச் சாயம் காயட்டும் என்று குவிமாடத்தை அந்த முக்காலியின் மேல்தான் வைத்திருந்தாள் சர்வினோஸ்.

எழுந்து பார்த்தார். குவிமாடம் அப்பளமாகியிருந்தது. அவருடைய கல்யாணக் கால்சட்டையின் பின்புறத்தில் அழகான நீல வட்டம் ஒன்று பதிந்திருந்தது.

"என்னம்மா இது, தொப்பியா?" என்றார்.

"என் நாலு வருஷப் படிப்புப்பா."

ஹம்ரோகுல் பூகோள வாத்தியார். கண்ணைக் கட்டிவிட்டாலும் பாலைவனத்துக் கிணறுகளை வரிசையாகச் சொல்லுவார். ஒரு காலத்தில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலை மலையாக ஏறியவர்தான். ஆனால் இந்த நாலு வருஷமாக அவருக்கு என்ன தோஷமோ, எந்தத் திசையில் கிளம்பினாலும் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறார். தெர்மெஸுக்குக் கிளம்பினால் அடையாள அட்டையை மறந்துவிடுவார். தாஷ்கந்துக்குக் கிளம்பினால் பஸ் டயர் வெடிக்கும். ஒரு தடவை எல்லாம் சரியாக நடந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, நிம்மதியாகத் தூங்கி எழுந்தால், எதிர்த்திசை ரயில். வாத்தியார் பெட்டியோடு தெருவில் இறங்கினாலே, 'ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவாரு' என்று பக்கத்து வீட்டு ஓய்னிசா அக்கா சொல்லிவிடுவாள். அது பொய்த்ததே இல்லை.

இன்றைக்கு அவர் திரும்பி வந்த வேளைதான் பொல்லாத வேளை. நண்பகலில் கட்டடக்கலைக் கல்லூரியில் தேர்வுக் குழு உட்காருகிறது. நான்காம் வருஷ மாணவர்களின் மாடல்களில் மிகச் சிறந்த ஒன்று தாஷ்கந்துப் போட்டிக்குப் போகும். அங்கே ஜெயிப்பவருக்கு இரண்டு மாதப் படிப்புப் பயணம். இஸ்பஹான், தப்ரீஸ், இஸ்தான்புல் என்று பழைய சத்திரங்களாகப் பார்த்து, அளந்து, வரைந்துகொண்டே போகலாம். அப்பாவின் பூகோளப் படத்தில் அந்த வழியைச் சர்வினோஸ் விரலால் தேய்த்துத் தேய்த்து, தப்ரீஸ் ஏறக்குறைய அழிந்தே போய்விட்டது.

ஜெயித்தால் மட்டும் போதாது, அம்மாவும் விட வேண்டும். மவ்லுதா அம்மா போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளை வெளியே இருக்கும்போது இன்னொரு பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. மூத்தவன் அசாமத் கொரியாவில் ஏதோ சோபாத் தொழிற்சாலைக்குப் போய் நாலு வருஷமாகிறது. ஒவ்வொரு வருஷமும் வருகிறேன் என்பான், கடைசி நேரத்தில் லீவு ரத்தாகும். அவன் வந்தால்தான் இவள் போகலாம்.

முதலில் கூரை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டவேண்டிய பயணியர் விடுதி அது. அட்டையில் கட்டிய சுவர்களெல்லாம் நின்றன, தலைதான் இல்லை. பக்கத்துத் தெரு வீட்டில் விசேஷத்துக்குப் பிலாவ் கிளற அம்மா போயிருந்தது நல்லதாகப் போயிற்று. அலமாரியிலிருந்து அம்மாவின் கல்யாணச் சீர் கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். அளவு கச்சிதம், பாரம்தான் அதிகம். மேற்குச் சுவர் மெதுவாக மண்டி போட்டது. பதறித் தூக்கியதில் கிண்ணம் கை நழுவித் தரையில் போய் ஐந்தாகியது.

"பதட்டப்படாதே" என்று அப்பா பிராயச்சித்தத்தில் இறங்கினார். முலாம்பழம் ஒன்றைப் பாதியாக நறுக்கி, சதையைச் சுரண்டித் தின்று, ஓட்டைக் கவிழ்த்தார். பார்ப்பதற்குக் குவிமாடமேதான். ஆனால் அது சொட்டத் தொடங்கி, கிழக்குப் பகுதியின் அறைகள் ஊறிக் கூழாயின. "அப்பா, நீங்க கொஞ்ச நேரம் எதையும் தொடாம இருங்க" என்று சொல்லிவிட்டு ஊறிய சுவரைப் பிய்த்து எறிந்தாள். கிழக்குப் பகுதியை முற்றமாக அறிவிப்பது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டாள்.

அப்போதுதான் அவள் கண் சமையலறைச் சுவருக்குப் போனது. அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அண்ணன் கடித்த ரொட்டி.

தூர தேசம் போகிறவன் வாசலில் நின்று ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் போகவேண்டும். மிச்சத்தை அவன் வந்து தின்னும் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். கடித்த வாயை ரொட்டி விடாது. அது எங்கே இருக்கிறதோ அங்கே ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடும். இதில் மவ்லுதா அம்மாவுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. அசாமத் புறப்பட்ட கதையை வாரம் ஒரு தடவையாவது சொல்லுவாள். "அன்னைக்கு அழுது அழுது என் பிள்ளைக்குக் கன்னமே வீங்கிப்போச்சு. ஒரு வார்த்தை பேசல. ஆனா ரொட்டியப் பாரு, சிங்கம் மாதிரி கடிச்சிருக்கான்."

சிங்கக் கடிதான். விளிம்பில் பிறை மாதிரி ஒரு பள்ளம், நடுவில் ரொட்டிக்காரர் அச்சால் அமுக்கிய துளை வட்டம். நாலு வருஷம் காய்ந்ததில் ரொட்டி மரம் மாதிரி இறுகி, இறகு மாதிரி இலேசாகியிருந்தது. வட்டமும் தேவையான அளவுக்கு அரை விரல்கூடப் பிசகவில்லை.

'ரெண்டு மணி நேரந்தானே' என்று மனசுக்குச் சமாதானம் சொல்லி எடுத்தாள். அப்பா துணி மாற்ற உள்ளே போயிருந்தார். தூசியைத் தட்டினால் நிறம் மங்கலாக இருந்தது. அவசரத்தில் மாடல்களுக்கு அடிக்கும் வார்னிஷை ஒரு சுற்று அடித்துவிட்டாள். ரொட்டி தகதகவென்று மின்னியபிறகுதான், இனிமேல் அதை மனிதன் தின்னமுடியாது என்பது உறைத்தது. உறைத்து என்ன, மணி பதினொன்று. கோந்தையும் தடவி ஒட்டினாள்.

தேர்வுக் குழுத் தலைவர் பேராசிரியர் பஹ்ரிதினோவ், மாணவர்கள் வாயில் தோம்லா, அன்று காலையிலிருந்து நீலக் குவிமாடங்களாகப் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருந்தார். சமர்கந்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கோழிக்கூடு கட்டச் சொன்னாலும் குவிமாடம் வைத்துத்தான் கட்டுவார்கள். இன்னொன்று வந்தால் ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன் என்று அறிவித்திருந்தார். சர்வினோஸின் மாடலுக்கு முன்னால் வந்ததும் அவருடைய கண்ணாடி தானாக மூக்கு நுனிக்கு இறங்கியது. தட்டையான கூரை. நடுவில் இறங்கிய வட்டம். அதில் புள்ளிப் புள்ளியாகத் துளைகள். விளிம்பில் ஒரு பிறைவெட்டு.

"எதுல செஞ்சது?"

"உள்ளூர்ப் பொருள், தோம்லா."

"மண்ணா?"

"கோதுமை விளையற மண்ணு."

"இந்த வளைவு? அளந்து வெட்டினதாத் தெரியலையே. கையால வந்திருக்கு."

கையால் இல்லை என்பதைச் சர்வினோஸ் எச்சிலோடு விழுங்கினாள். "அதுதான் வாசல், தோம்லா. போனவங்க திரும்பி வர்ற வழி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். தோம்லா வெகுநேரம் குனிந்து அந்தக் கடியையே பார்த்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு மாணவி சிந்தித்திருக்கிறாள் என்று குழுவில் இருந்த மற்ற இருவரிடமும் சொன்னார். தாஷ்கந்துக்குப் போவது இந்த மாடல்தான் என்று முடிவாயிற்று. லாரி அன்று பிற்பகலே கிளம்புகிறது, யாரும் மாடலைத் தொடக் கூடாது என்றார்.

தோழிகள் கட்டிப்பிடித்து வாழ்த்தியபோது சர்வினோஸ் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அம்மா வருவதற்குள் ஆணி நிறைய வேண்டும். ஸியாப் சந்தைக்கு ஓடி, அதே அளவில் எள் தூவிய ரொட்டி ஒன்று வாங்கினாள். வீட்டுக்கு வந்து வாயை அகலத் திறந்து கடித்தாள். அண்ணனின் சிங்கக் கடிக்கு முன்னால் இது எலி கடித்த மாதிரி இருந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு கடி சேர்த்து ஒரு மாதிரியாகப் பிறையாக்கித் தொங்கவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று மூச்சுவிட்ட நேரத்தில் அம்மா வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன வாசனைடி இது?"

புது ரொட்டி மணக்கும் என்பதைச் சர்வினோஸ் யோசிக்கவில்லை. அம்மா வாசனை வந்த வழியே போய் ஆணிக்கு முன்னால் நின்றாள். நாலு வருஷத்து ரொட்டி, இப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தாற்போல மணக்கிறது. அம்மாவின் கண் நிறைந்து வழிந்தது. "என் பிள்ளை கிளம்பிட்டான்" என்றாள்.

சர்வினோஸ் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதே நேரம் போன் அடித்தது. அசாமத். லீவு கிடைத்துவிட்டதாம், டிக்கெட்டும் எடுத்துவிட்டானாம், அடுத்த வாரம் தாஷ்கந்தில் இறங்குகிறானாம்.

அதற்கப்புறம் யார் உண்மையைச் சொல்ல முடியும்? சாயங்காலத்துக்குள் தெருவே சமையலறையில் இருந்தது. மாஸ்கோவில் மகன் இருக்கிறவள், இஸ்தான்புல்லில் மருமகன் இருக்கிறவள் எல்லாம் வந்து ரொட்டியை மோந்தார்கள். ஓய்னிசா அக்கா ஒரு துணுக்கு கேட்டாள். அம்மா கரண்டியோடு காவல் நின்றாள். அப்பா மட்டும் ரொட்டியை ஒரு தரம் பார்த்தார், மகளின் உதட்டோரம் ஒட்டியிருந்த எள்ளை ஒரு தரம் பார்த்தார், பிறகு தேநீர் ஊற்றிக்கொண்டார்.

சர்வினோஸுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. அம்மாவின் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று கல்லூரியில் கேலி பேசியவள்தான். ஆனால் கடித்த வாயை ரொட்டி இழுக்கும் என்றால், ரொட்டி இப்போது இருப்பது தாஷ்கந்தில். அண்ணன் தாஷ்கந்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டால்? அங்கே ஒரு வேலை, ஒரு பெண் என்று அமைந்து, வீட்டுப் பக்கமே வராமல் போனால்? அம்மா உடைந்துபோவாள். இஸ்பஹானும் இஸ்தான்புல்லும் படத்தோடு சரி. போட்டி முடிவும் அண்ணன் வரும் நாளும் ஒரே நாளாக வாய்த்தது. போய், குழுவுக்கு முன்னால் பேசி, முடிந்த கையோடு கூரையைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவது என்று திட்டம் போட்டாள்.

விமான நிலையத்துக்கு நான் போகிறேன் என்று அப்பாவும் கிளம்பினார். அம்மா தலையில் கை வைத்தாள். "நீங்க போனா அந்த விமானமே கொரியாவுக்குத் திரும்பிடும். சும்மா வீட்ல இருங்க." பெண் கூடவே போகிறாள் என்ற தைரியத்தில்தான் விட்டாள்.

ரயில் கிளம்பியது. நிற்கவில்லை, முனகவில்லை. வாத்தியார் ஏறிய ரயில் இப்படி ஓடுவது சர்வினோஸுக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"ஆணியில தொங்குறது உன் கடிதானே? பழசு எங்க?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். கூரை, வார்னிஷ், கோந்து, லாரி. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்போ அந்த ரொட்டி இப்ப தாஷ்கந்துல இருக்கு" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். பாவம், அதிர்ச்சி மூளைக்கு ஏறிவிட்டது என்று சர்வினோஸ் பயந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குதும்மா. ஜிஸ்ஸாக்ல சம்சா நல்லாருக்கும், ரெண்டு வாங்கிட்டு வா" என்றார்.

ரயில் ஜிஸ்ஸாக்கில் நின்றதும் இறங்கி ஓடினாள். கறி அடைத்துச் சுட்ட சம்சா ஒன்றொன்றும் குழந்தைத் தலை அளவு. சூடாக எடுத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் அடுப்புக்குள் தலையை விட்டார். அவர் தலை வெளியே வந்தபோது ரயிலின் வால் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலிலிருந்து அப்பா கை அசைத்தார். சர்வினோஸின் இரண்டு கையிலும் சம்சா.

தாஷ்கந்துக்குப் போகும் வாடகைக் காரில் ஓடி ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும் டிரைவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. தங்கை கல்யாணத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கம்பளத்தை மறந்துவிட்டானாம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பி, ஏற்றிய இடத்திலேயே இறக்கிவிட்டான். அடுத்த காரில் ஏறி, சம்சாவைத் தின்று, ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கிவிட்டாள். கண் விழித்தபோது எதிரே தெரிந்தது அவள் தெருவின் ரொட்டிக்கடை.

"சமர்கந்த்னுதானே சொன்னீங்க, தங்கச்சி?" என்றான் டிரைவர். சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். பழக்கத்தில் ஹம்ரோகுல் வாத்தியாரைத்தான் எதிர்பார்த்தாள். மகளைப் பார்த்ததும், "போச்சு, உங்கப்பா வியாதி உனக்கும் தொத்திடுச்சா?" என்றாள்.

நாலு வருஷக் கனவு ஜிஸ்ஸாக்கில் சம்சாவோடு போயிற்று என்று சர்வினோஸ் படுக்கையில் குப்புற விழுந்து அழுதாள். ஆள் நின்று விளக்காத மாடலைக் குழு திரும்பியும் பார்க்காது. அம்மா காரணம் தெரியாமலே கூட உட்கார்ந்து அழுதாள். அந்த நேரத்தில் அப்பாவின் போன்.

ரயில் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்ததாம். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். கண்காட்சிக் கூடத்தில் சர்வினோஸ் பெயரைக் கூப்பிட்டார்களாம். ஆள் இல்லை என்றதும் இவரே மாடலுக்குப் பக்கத்தில் போய் நின்று, கிணறு கிணறாகப் பழைய வழிகளைச் சொல்லி, வழிப்போக்கன் என்றால் யார், அவனுக்குக் கூரை என்றால் என்ன என்று ஒரு வகுப்பே எடுத்துவிட்டாராம்.

"நீதான்மா ஜெயிச்சே" என்றார் அப்பா.

சர்வினோஸ் அம்மாவுக்குக் கேட்காதபடி போனைக் கையால் மூடிக்கொண்டு, "ரொட்டியப் பேத்துட்டீங்களா?" என்றாள்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுட்டாங்க. கவலைப்படாதே, அண்ணன் இறங்கிட்டான். கிளம்பிட்டோம்."

கிளம்பினார்கள், வந்து சேரவில்லை. முதல் ரயில் ஊர் எல்லையில் நின்று, பின்னாலேயே ஓடித் தாஷ்கந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. மறுநாள் பிடித்த காரில் பெட்ரோல் குழாய் ஒழுகி, அதுவும் தாஷ்கந்துப் பட்டறைக்கே திரும்பியது. சர்வினோஸ் நகத்தைக் கடித்தாள். அவள் பயந்தது நடக்கிறது. ரொட்டி அண்ணனைப் பிடித்துக்கொண்டுவிட்டது, விடமாட்டேன் என்கிறது. கடைசியில் கண்காட்சி முடிந்து, மாடல்களை ஏற்றிக்கொண்டு சமர்கந்துக்குத் திரும்பும் கல்லூரி லாரியில், அப்பாவும் அண்ணனும் ரொட்டிக் கூரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்கள். அந்த லாரி வழியில் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

அசாமத் பருத்து, வெளுத்து, நல்ல காலணியோடு வாசலில் நின்றான். அம்மா கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்துவந்து நீட்டினாள். தெரு மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அந்தச் சின்னச் சின்னக் கடிகளைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவன் கடித்து மென்று, "அப்படியே இருக்கும்மா" என்றான். அம்மா அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள். அழுது முடித்ததும் மகளிடம், "இனிமே நீ எங்க வேணா போடி, இஸ்தான்புல்லுக்கே போ" என்றாள்.

விருந்துக்குப் பந்தி பந்தியாக ஆட்கள் வந்தார்கள். ஹம்ரோகுல் வாத்தியார் நடுவில் உட்கார்ந்து, தாஷ்கந்துப் பயணத்தை நிலையம் நிலையமாக மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தார். சர்வினோஸ் அண்ணனைத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஒதுக்கிக் கூட்டிப்போனாள். மனசில் இருந்ததை இறக்கி வைக்காமல் ஒரு பிடி பிலாவ்கூட உள்ளே போகவில்லை.

"என்னை மன்னிச்சுடுண்ணா. நீ தின்னது என் கடி. உன் ரொட்டிய நான் கூரையாக்கிட்டேன். வார்னிஷ்கூட அடிச்சுட்டேன். நீ ரெண்டு நாள் தாஷ்கந்துல மாட்டிக்கிட்டதும் அதனாலதான்."

அசாமத் முதலில் கூட்டத்தின் நடுவே இருந்த அப்பாவைப் பார்த்தான். பிறகு கடைவாயைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"நானா மாட்டிக்கிட்டேன்? விமான நிலையத்துலேந்து நான் எப்பவோ தனியா வந்திருப்பேன், அப்பா ஏறின வண்டிதான் நகரல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. கிளம்பின அன்னைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லு வீங்கி வாயே திறக்க முடியல. கதவுக்குப் பின்னாடி நின்னு அந்த ரொட்டியக் கடிச்சது அப்பா."